ஐந்து மையங்கள், ஒன்பது இணைப்புகள்: தேனியில் ஓர் உள்வலை நிலைத்த விதம்

1. கேள்வி

ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்காக மட்டும் அமைத்துக்கொள்ளும் கணினி வலையை உள்வலை என்கிறோம். அலுவலகங்களில் இன்ட்ராநெட் என்றே புழங்குகிறது. 1990களின் நடுவில் பெருநிறுவனங்களில் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று வங்கி, பல்கலைக்கழகம், அரசுத் துறை என எங்கும் இருக்கிறது. இருக்கிறது என்பதோடு பல இடங்களில் கதை முடிந்துவிடுகிறது. முகப்பில் ஆண்டுவிழாப் படம், அதன் கீழே காலாவதியான சுற்றறிக்கை. சம்பளச் சீட்டு எடுக்கவும் விடுப்புக்கு எழுதவும் தவிர யாரும் உள்ளே எட்டிப்பார்ப்பதில்லை. உண்மையான அவசரச் செய்தி வாட்ஸ்அப் குழுவில் போய்விடுகிறது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைக்கிறார்கள். வலை அறுபடாமல் ஓடுமா என்பது ஒன்று. அது பொறியாளர் பாடு. ஊழியர்கள் அதை விரும்பிப் பயன்படுத்துவார்களா என்பது மற்றது. அது மனிதவளத் துறையின் பாடு. முதலாவதற்குப் பெயர் நம்பகம், இரண்டாவதற்குப் பெயர் ஈடுபாடு. இந்தப் பாகப்பிரிவினை சரிதானா என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு எடுத்துக்கொண்ட சான்று ஒரு மென்பொருள் நிறுவனத்தினுடையதன்று. 2000களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை தன்னைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் கண் பரிசோதனை மையங்களோடு கட்டிக்கொண்ட கம்பியில்லா வலை அது. அமைப்பு முறையில் அது முழுக்க முழுக்க ஓர் உள்வலை: ஒரே நிறுவனம், தன் ஊழியர், தன் கோபுரங்கள், தன் வேலை.

2. இதுவரையிலான புரிதல்

உள்வலை பற்றிய மேலைநாட்டு எழுத்துகள் பெரும்பாலும் திரையைப் பற்றியவை. பயன்பாட்டு எளிமை குறித்த ஆய்வுகளுக்குப் பெயர்பெற்ற நீல்சன் நார்மன் குழுமம் 2001இல் தொடங்கிச் சிறந்த உள்வலை வடிவமைப்புகளைத் தேர்ந்தெடுத்து அறிக்கை வெளியிட்டது. தேடல் வசதி, பட்டியல் அமைப்பு, முகப்புச் செய்தி, கைப்பேசிக்கு ஏற்ற தோற்றம் ஆகியவை அங்கே அளவுகோல்கள். தடையற்ற மின்சாரமும் தடையற்ற இணைப்பும் உள்ள அலுவலகங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை இவை. அடித்தளம் கேள்விக்கு அப்பாற்பட்டதாக இருக்கும்போது அழகும் ஒழுங்கும் மட்டுமே பேசுபொருளாகும், அதில் வியப்பில்லை.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் இதே காலத்தில் வேறொரு பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியில் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வானொலி அலை வழியே கிராமங்களை மையத்தோடு இணைத்தது. அங்கே அதிகம் பேசப்பட்ட சேவை வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்ததுதான். கணினியைத் தொடாதவருக்கும் அந்த வலை பயன்பட்டது. கடலுக்குப் போவதா வேண்டாமா என்று அன்றைக்கே முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு அன்றைய தகவல் அது.

2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் நடந்தது இன்னும் முக்கியமானது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை வைத்து, என்-லாக் நிறுவனம் கிராமங்களில் இணைய மையங்களைத் திறந்தது. சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் முதலான அரசு சேவைகளும் வந்தன. இதை ஆராய்ந்த ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்ட்டும் எழுதியவற்றிலிருந்து தெரிவது இது: ஆதரவு காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் அரசு சேவை சுருங்கியது, மையங்கள் பலவும் காலப்போக்கில் மூடப்பட்டன. தொழில்நுட்பம் இருந்தும் பிழைப்புக்கான காரணம் நிலைக்கவில்லை.

இந்த மேலூர் மையங்கள் வழியாகவே மதுரை அரவிந்த் மருத்துவமனைக்குக் கண்ணின் படங்கள் அனுப்பப்பட்டன என்பது பலருக்கும் நினைவில்லாத செய்தி. வெப்கேமரா முன் நோயாளி உட்கார, மையம் நடத்துபவர் படமெடுத்து அனுப்புவார். வெளியே தெரியும் முற்றிய கண்புரையை இப்படிக் காணலாம். விழித்திரையையோ கண்ணின் அழுத்தத்தையோ காண முடியாது. ஆக, இரண்டு பாடங்கள் கைவசம் வந்திருந்தன. இணைப்பின் மறுமுனையில் கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். இணைப்பு அந்த ஆளின் அன்றாட வேலையாகவே இருக்க வேண்டும். வேறு தொழில் செய்கிறவரின் கூடுதல் சேவையாக இருந்தால் நிற்காது.

3. பள்ளத்தாக்கும் வலையும்

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த், 1985இல் தேனியில் ஒரு மருத்துவமனையைத் திறந்தது. தேனி தனி மாவட்டமாவதற்குப் பத்தாண்டுக்கும் முந்தைய செய்தி இது. மேற்கே ஏலமலைத் தொடர், கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். நடுவில் முல்லைப் பெரியாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊர்கள் ஆற்றை ஒட்டி வரிசையாக வந்து தேனியில் முடிகின்றன. நெல், வாழை, திராட்சை வேலைக்கும் மலையில் ஏலத்தோட்ட வேலைக்கும் போகிறவர்கள் நிறைந்த பகுதி. ஒரு நாள் கண்ணைக் காட்டப் போனால் அன்றைய கூலி போயிற்று. கண்ணாடிக்காக யார் கூலியை விடுவார்கள்? பார்வை மங்குவதை வயதின் கணக்கில் எழுதிவிட்டு இருந்துவிடுவார்கள்.

முகாம் நடத்துவது அரவிந்தின் பழைய வழி. முகாம் வந்துபோகும், மறுநாள் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஆகவே ஏறத்தாழ 50,000 மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் நிலையான கண் பரிசோதனை மையங்களை வைக்க 2004இல் முடிவாயிற்று. தேனியை அடுத்த அம்பாசமுத்திரத்தில் (நெல்லைப் பக்கத்து ஊரன்று) முதல் மையம் வந்தது. மையத்தில் மருத்துவர் இல்லை. அரவிந்திலேயே இரண்டாண்டு பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இருப்பார்கள்; பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளைகள். பார்வையை அளந்து, ஸ்லிட் லேம்ப்பில் கண்ணைச் சோதித்து, விவரத்தைப் பதிந்து, படத்தோடு தேனிக்கு அனுப்புவார்கள். பிறகு திரையில் தேனி மருத்துவர் நோயாளியோடு நேரில் போலப் பேசுவார். 20 ரூபாய் கட்டினால் மூன்று முறை வரலாம் என்ற ஏற்பாடும் இருந்தது.

இதற்கு வேகமான இணைப்பு வேண்டும். அன்று அந்த ஊர்களில் தொலைபேசிக் கம்பி வழி டயல்-அப் மட்டும்தான் எளிதில் கிடைத்தது. அதில் வீடியோ ஓடாது. செயற்கைக்கோள் இணைப்பு கட்டுப்படியாகாது. அப்போது வந்தவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் நடத்திய டியர் ஆய்வுக் குழுவினர். வீட்டுக்குள் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே ஓடுகிற மலிவான வைஃபை அட்டையை, திசையறிந்து குவிக்கும் ஆன்டெனாவோடு சேர்த்துப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஓட்ட முடியும் என்பது அவர்கள் வாதம். 2005 ஜனவரியில் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவித்திராவிட்டால் இந்த வாதத்துக்கு இங்கே இடமே இருந்திருக்காது.

வைஃபையை அப்படியே தூரத்துக்கு நீட்ட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் சேர்ந்ததும் மறுமுனை உடனே 'வந்தது' என்று பதில் தர வேண்டும் என்பது அதன் விதி. தூரம் கூடினால் பதில் தாமதமாகும். அனுப்பியவர் தொலைந்துவிட்டதென்று மீண்டும் அனுப்புவார். இரு முனைகளும் ஒன்றையொன்று கேட்காமல் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளும். முறைவைத்துப் பேசுவது, பல பொட்டலத்துக்குச் சேர்த்து ஒரே பதில் தருவது என்று இந்த விதிகளை மாற்றியெழுதி, வேகத்தை 2 முதல் 5 மடங்கு வரை உயர்த்திய முறையை அக்குழு 2007இல் 'வைல்ட்நெட்' என்ற பெயரில் வெளியிட்டது.

தேனியில் எழுந்த வலையின் உருவம் இது: மருத்துவமனையும் ஐந்து மையங்களும், நடுவே ஐந்து இடைநிலை நிலையங்கள், மொத்தம் 11 ரவுட்டர்கள், 9 இணைப்புகள். மிகக் குறுகியது 1 கி.மீ.; மிக நீண்டது ஆண்டிபட்டி நோக்கிய 15 கி.மீ. ஆறு ரவுட்டர்கள் 24 முதல் 42 மீட்டர் உயரக் கோபுரங்களில். மற்றவை பெரும்பாலும் மொட்டைமாடிக் கம்பங்களில். மலைகள் இருபுறமும் இருக்க, ஆன்டெனா ஆன்டெனாவைப் பார்க்க வேண்டும் என்பதால்தான் இத்தனை இடைநிலைகள்.

4. நம்பகம்: வலையைக் கெடுத்தது எது?

இந்த வலையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக நேர்மையான ஆவணம் 2008இல் சோனேஷ் சுரானா, ரபின் பத்ரா, லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன், எரிக் புரூவர் உள்ளிட்டோர் எழுதிய ஆய்வுரை. கிராமப்புறக் கம்பியில்லா வலைகளை முன்னோட்டத் திட்டம் என்ற கட்டத்துக்கு அப்பால் உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பதே அதன் பொருள். தேனி வலையையும் இமாசலப் பிரதேசத் தர்மசாலாவின் ஏர்ஜல்டி வலையையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். சாதனைப் பட்டியலை எதிர்பார்த்துப் படிக்கிறவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். எரிந்துபோன ரவுட்டர்ப் பலகைகள், பழுதான மின்வழங்கிகள், எழுந்திருக்க மறுத்த கணினிகள் என்று பழுதுக் கணக்காகவே அது நீள்கிறது. எனக்கு அதன் மதிப்பே அதில்தான்.

நேர்ந்த பழுதுகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் மின்சாரத்தின் தரக்குறைவோடு தொடர்புடையவை என்கிறது ஆய்வு. மின்வெட்டு எல்லோருக்கும் தெரிந்தது. அதைவிடக் கொடியது கெட்ட மின்சாரம். 230 வோல்ட் வர வேண்டிய கிராமக் கம்பியில் ஆய்வாளர் பதிவுக் கருவியைப் பொருத்திப் பார்த்தபோது 1,000 வோல்ட் வரை கணநேரப் பாய்ச்சலும், 350க்கு மேல் ஏற்றமும், 70க்குக் கீழ் நெடுநேர இறக்கமும் பதிவாயின. பாய்ச்சல் வந்தால் பலகை கருகும். தேனியில் நான்கு பலகைகளும் ஐந்து மின்வழங்கிகளும் சில ஈதர்நெட் துளைகளும் இப்படிப் போயின. தர்மசாலாவில் இன்னும் மோசம்.

இறக்கம் செய்கிற கேடு நுட்பமானது. மின்னழுத்தம் மெல்லச் சரியும்போது ரவுட்டர் அணையவும் அணையாது, ஓடவும் ஓடாது. இடைநிலையில் திகைத்து நின்றுவிடும். மின்சாரம் சீரானபின்பும் தானாக எழாது. விளக்கு எரிந்துகொண்டிருக்கும், வலை இறந்திருக்கும். கோபுரத்தின் மேல் இருக்கும் பெட்டியைத் தட்டியெழுப்ப ஒருவர் ஏற வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் நினைவக அட்டை கெடும். அடுத்த முறை இயங்குதளமே ஏறாது.

இவற்றுக்குக் கண்ட மாற்றுகள் கவர்ச்சியற்றவை. மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் தானே இணைப்பை முழுதும் துண்டித்துவிடும் சிறு சுற்று. அரைகுறையாகத் தவிப்பதைவிட அணைந்துவிடுவது மேல். நினைவகத்தைப் படிக்க மட்டும் திறந்துவைத்தல். திகைத்து நின்றால் தானே மீட்டுத் தொடங்கும் காவல் கடிகாரம். மின்கலத்தைச் சீராக ஊட்டும், சூரியப் பலகையோடும் இணையும் மலிவான கட்டுப்பாட்டுப் பெட்டி. கட்டணச் சீட்டில் வரும் தொகை மின்சாரத்தின் உண்மை விலையாகாது, அதன் கெடுதலைச் சமாளிக்க ஆகும் செலவே உண்மை விலை என்ற அவர்களது கணக்கு, தமிழ்நாட்டில் தறிக்கூடமோ அச்சகமோ நடத்திய எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பழுதைக் கண்டுபிடிப்பதும் தனிப்பாடு. வலை அறுந்தால் வலை வழியாகவே போய் ஏன் அறுந்தது என்று பார்க்க முடியாது. மையம் மாலையில் பூட்டப்பட்டால் ரவுட்டரும் அணையும். தேனியிலிருந்து பார்ப்பவருக்குப் பழுதும் பூட்டும் ஒன்றுபோலவே தெரியும். இதனால் ஒவ்வொரு நிலையமும் தன் நலம்பற்றிய அளவுகளைக் குறித்த இடைவெளியில் தானே வெளியே அனுப்பும்படி செய்தார்கள். கைப்பேசி வழி மாற்றுப் பாதையும் பேசப்பட்டது. நடைமுறையில் முதல் மாற்றுப் பாதை, மையத்து ஊழியருக்குப் போடும் போன்தான். 'பெட்டியில் எந்த விளக்கு எரிகிறது?' என்ற கேள்விக்குச் சரியான பதில் வந்தால் ஒரு பயணம் மிச்சம்.

இங்கேதான் நம்பகம் பொறியாளரின் தனிச்சொத்தாக இல்லாமல் போகிறது. கண்ணைச் சோதிக்கப் பயின்ற ஒரு பெண், எந்தக் கம்பி எதில் போகிறது, எதை அணைக்கலாம், எதை அணைக்கக்கூடாது என்று அறிந்திருப்பதே அந்த வலை அன்று ஓடுமா என்பதைத் தீர்மானித்தது. பெர்க்லி மாணவர்கள் ஊர் திரும்பியபின் பொறுப்பு உள்ளூர் ஒப்பந்ததாரருக்கும் அரவிந்தின் ஊழியருக்கும் கைமாற வேண்டியிருந்தது. அந்தக் கைமாற்றம் எளிதான வேலையன்று.

5. ஈடுபாடு: யாரும் ஊக்குவிக்காத பயன்பாடு

தேனி வலையில் முகப்புப் பக்கம் இல்லை. போட்டி இல்லை, பரிசு இல்லை. ஆனாலும் மையம் திறந்திருக்கும் நேரமெல்லாம் அது பயன்பாட்டில் இருந்தது. காரணம் எளிது. மையத்துக்கு வரும் நோயாளியை மருத்துவர் திரையில் பார்த்துப் பேச வேண்டும் என்பது அரவிந்த் வகுத்த நடைமுறை. வலை இல்லையென்றால் அந்த நோயாளியின் வருகை முடியாது. சீட்டு எழுத முடியாது. அவரை உட்காரவைத்துவிட்டு ஊழியர் விழிக்க வேண்டும்.

ஆகவே வலை அறுந்தால் முதலில் கூச்சல் போட்டவர் அதைப் பயன்படுத்துகிறவர். ஒரு சராசரி அலுவலக உள்வலை மூன்று நாள் படுத்துக்கிடந்தாலும் புகார் வராது. புகார் வராததால் யாரும் சரிசெய்ய ஓடமாட்டார்கள். ஓடாததால் நம்பிக்கை குறையும். தேனியில் சுழற்சி எதிர்த்திசையில் ஓடியது. பழுது நீங்க வேண்டிய அவசரத்தைப் பயன்பாடே உண்டாக்கியது. நம்பகத்தையும் ஈடுபாட்டையும் தனித்தனித் துறைகளுக்குப் பிரித்துக்கொடுப்பது ஏன் தவறு என்பதற்கு என் வாதம் இதுதான்.

வீடியோ உண்மையில் தேவைதானா என்று ஒருவர் கேட்கலாம். பதிவும் படமும் போனால் மருத்துவர் முடிவு சொல்லிவிடலாமே? மருத்துவ நோக்கில் பல நேர்வுகளில் போதும்தான். ஆனால் மூதாட்டி ஒருவர் ஆட்டோ பிடித்து வந்து 20 ரூபாய் கட்டியது டாக்டரைப் பார்க்க. 'ஆபரேஷன் பண்ணினா சரியாப் போயிடும் பாட்டி, தேனிக்கு வாங்க' என்று டாக்டர் திரையில் சொல்வதற்கும், சிஸ்டர் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. முன்னதைக் கேட்டவர் அறுவைக்கு வருவார். வலையின் மிகக் கனமான சுமையான வீடியோ மருத்துவத் தகவலைவிட நம்பிக்கையைத்தான் தூக்கிச் சென்றது.

6. போடியின் ஏலக் கூடம்: ஓர் ஒப்பீடு

இதே பள்ளத்தாக்கில் இன்னொரு மூடிய வலை உண்டு. 2007இல் நறுமணப் பொருள் வாரியம் போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்கு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. அதற்குமுன் விலை வாய்வழிக் கூவலில் ஏறியது. இப்போது கூடத்தில் வியாபாரிகள் ஆளுக்கொரு கணினி முன் உட்கார்கிறார்கள். சாம்பிள் கைக்கு வருகிறது. காயை உருட்டி, நிறமும் பருமனும் பார்த்துவிட்டு விசையைத் தட்டுகிறார்கள். பெரிய திரையில் விலை ஏறுகிறது.

இங்கும் பயிற்சி வகுப்பால் ஈடுபாடு வரவில்லை. வேறு வழியில் சரக்கு எளிதில் கிடைக்காது என்பதால் வந்தது. கண் மருத்துவமனைக்கும் ஏலக் கூடத்துக்கும் நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. ஆனாலும் இரண்டிலும் வலை, வேலையின் குறுக்கே நிற்கும் வாசலாக இருக்கிறது. கூடவே காயைக் கையில் எடுத்துப் பார்ப்பது போன்ற பழைய பழக்கத்தை அது அழிக்கவில்லை. புதிய வலையை அமைப்போர் கவனிக்க வேண்டிய நுட்பம் இது. ஏலக்காயைப் படத்தில் மட்டும் காட்டியிருந்தால் அனுபவமுள்ள வியாபாரி அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

7. மறுப்புகளும் எல்லைகளும்

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கட்டாயத்தை ஈடுபாடு என்று அழைக்கலாமா? விரலடையாள வருகைப் பதிவேட்டையும் எல்லோரும் தினமும் பயன்படுத்துகிறார்கள். அதை யாரும் விரும்புவதில்லை. மறுப்பு நியாயமானது. தேனியில் கட்டாயம் மேலிடத்துக் கண்காணிப்புக்காக வரவில்லை, எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளிக்காக வந்தது என்பது என் பதில். ஊழியருக்குத் தன் வேலையின் பயனை வலை கண்ணெதிரே காட்டியது. இந்த வேறுபாட்டை அறியாமல், நாளொன்றுக்கு இத்தனை முறை உள்நுழைய வேண்டும் என்று உத்தரவு போடும் நிர்வாகங்கள் வருகைப் பதிவேட்டைத்தான் இன்னொரு பெயரில் கட்டுகின்றன.

இரண்டாவது: அரவிந்த் ஒரு விதிவிலக்கு, அத்தகைய ஒழுங்கு எல்லா நிறுவனங்களுக்கும் வாய்க்காது. உண்மைதான். அதே சமயம், மேலூரில் தொழில்நுட்பத்தைக் கொண்டுவர ஆள் இருந்த அளவுக்கு அதை நடத்தும் வேலைக்குப் பொறுப்பாளர் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. ஒழுங்கு வலையோடு சேர்ந்து வராது. முன்பே இருக்க வேண்டும்.

மூன்றாவது, கோபுரங்களின் கதி. வணிக அகலக்கற்றை இணைப்பு சிற்றூர்களுக்கு வந்ததும் சொந்தக் கம்பியில்லா இணைப்பின் தேவை குறைந்தது. இன்று நூறைக் கடந்துவிட்ட அரவிந்த் கண் பரிசோதனை மையங்கள் வாடகை இணைப்புகளில் ஓடுகின்றன. இதை வைத்து அந்தப் பரிசோதனை தோற்றது என்று சொல்வோர் உண்டு. ரவுட்டர் மாறியது, மையத்தில் பயிற்சி பெற்ற ஊழியர், திரையில் மருத்துவர் என்ற நடைமுறை மாறவில்லை. ஐந்து மையங்களில் நிலைபெற்ற பழக்கம்தான் நூறு மையங்களுக்குப் போயிற்று.

கடைசியாக, சான்றுகளைப் பற்றி ஒரு குறை. மேலே பயன்படுத்தியவை ஏறத்தாழ முழுவதும் பொறியாளர்கள் ஆங்கிலத்தில் எழுதியவை. எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்துப் போனில் சொன்ன பெண்கள் அந்த ஆய்வுரைகளில் 'ஊழியர்' என்ற ஒற்றைச் சொல்லாக மட்டும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இன்னும் பணியில் இருக்கும் வயதினர். தேனி, மதுரைக் கல்லூரிகளின் தமிழ், சமூகவியல் துறை மாணவர்கள் ஒரு பதிவுக் கருவியோடு அவர்களிடம் போய் உட்கார்ந்து, 2005 தொடங்கி அந்த வலையை அவர்கள் எப்படி ஓட்டினார்கள் என்று கேட்டு எழுத வேண்டும்.